கன்ட்ரி பாடல்களில் வரும் புரியாத சொற்கள்: அவற்றை முதலில் பேசியவர்கள் யார்?

மேற்குக்காற்று

அமெரிக்கக் கன்ட்ரி இசையைக் கேட்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். பாடல் வரிகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன, ஆங்கிலமும் போதுமான அளவுக்குத் தெரியும். இருந்தும் சில இடங்களில் ஒவ்வொரு சொல்லும் தெரிந்த பிறகுகூட வரியின் பொருள் பிடிபடுவதில்லை. பாபி ஜென்ட்ரி 1967இல் பாடிய ‘ஓட் டு பில்லி ஜோ’ பாடலில் அந்தப் பெண் ஜூன் மாதத் தொடக்கத்தில் ‘சாப்பிங் காட்டன்’ என்ற வேலையில் இருக்கிறாள். அவள் அப்பா ‘லோயர் ஃபார்ட்டி’யில் உழவு பாக்கியிருக்கிறது என்கிறார். ரோஜர் மில்லரின் ‘கிங் ஆஃப் த ரோட்’ பாடலில் ‘ஃபோர் பிட்’ அறை ஒன்று வருகிறது. டேவ் டட்லியின் லாரிப் பாட்டில் ‘ஜார்ஜியா ஓவர்டிரைவ்’ என்கிறார்கள். ‘ராக்கி டாப்’ பாடலில் அவ்வூர் மக்களுக்குச் சோளம் ஜாடியிலிருந்து கிடைக்கிறது. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பாடிய ‘அமரில்லோ பை மார்னிங்’கில் ஒருவன் கதவு திறக்கும்போது ‘எட்டு’க்காகக் காத்திருக்கிறான்.

அகராதிப் பொருளை மட்டும் எழுதாமல், அந்தச் சொல்லை யார், எந்த வேலைக்கு நடுவே பேசினார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் எழுதினால் மிகவும் பயன்படும்.

கரிசல்மண்

பில்லி ஜோ பாடலைப் பற்றி எழுத எனக்கு நெடுநாளாக ஆசை. அந்தப் பாடலின் துயரம் முழுவதும் இத்தகைய சிறு சொற்களின் மேல்தான் நிற்கிறது.

பருத்தி என்றதும் வெடித்த காயும் வெள்ளைப் பஞ்சும் கண்முன் வருவதால், பலர் அந்த வரியைப் பருத்தி எடுப்பதாகவே புரிந்துகொள்கிறார்கள். மிசிசிப்பியில் பருத்தி ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கப்படுகிறது. எடுப்பு செப்டம்பரில்தான் தொடங்கும். பாடல் நடப்பதோ ஜூன் 3ஆம் தேதி. அப்போது செடி இளம்பயிராக நிற்கும். நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் தேவைக்கு மேற்பட்டவற்றை மண்வெட்டியால் கொத்தி அகற்றி, இடைவெளி விட்டு நிறுத்தி, கூடவே களையையும் வெட்டுகிற வேலைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். விரிந்த வெயிலில், குனிந்த முதுகோடு, ஒவ்வொரு வரிசையாக நகர வேண்டிய வேலை அது. அண்ணன் வைக்கோல் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அடுத்து ‘டின்னர்’. இந்தச் சொல் இரவுச் சாப்பாட்டைக் குறிப்பதாக நாம் பழகிவிட்டோம். அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புறத்தில் அது நண்பகலில் உண்ணும் பெரிய சாப்பாடு. இரவில் உண்பது ‘சப்பர்’. அதனால்தான் அவர்கள் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறார்கள், சாப்பிட்டு முடித்ததும் அப்பா மறுபடி வயலுக்குப் போயாக வேண்டியிருக்கிறது.

‘லோயர் ஃபார்ட்டி’ என்பதற்கு நில அளவை முறையே மூலம். 1785ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் வழி வந்த அளவையில், ஒரு சதுர மைல் நிலம் ஒரு பிரிவு. அதன் பரப்பு 640 ஏக்கர். அதில் நாலில் ஒரு பங்கு 160 ஏக்கர். 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அளவு அதுதான். அதையும் நான்காக வெட்டினால் 40 ஏக்கர். ஆகவே ‘நாற்பது’ என்றாலே ஒரு துண்டு நிலம் என்ற பொருள் உழவர்கள் பேச்சில் நிலைத்துவிட்டது. தாழ்வான பக்கத்தில் இருக்கும் துண்டு ‘கீழ் நாற்பது’. வீட்டுக்குப் பின்னால் தொலைவில் இருப்பது ‘பின் நாற்பது’.

இப்போது அந்த உணவு மேசைக்கு வாருங்கள். பக்கத்து ஊர்ப் பையன் டல்லஹாச்சி பாலத்திலிருந்து குதித்து இறந்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. அப்பா காராமணியை எல்லோருக்கும் நகர்த்திக்கொண்டே, அவனுக்கு என்றைக்குமே எள்ளளவும் புத்தி கிடையாது என்கிறார். ‘லிக் ஆஃப் சென்ஸ்’ என்பதில் ‘லிக்’ என்பது நாக்கால் ஒருமுறை தொட்டால் வரும் அளவு, அவ்வளவு சொற்பம் என்று பொருள். அதே மூச்சில் பிஸ்கட்டை இந்தப் பக்கம் தரச் சொல்கிறார். இது நாம் தேநீரில் தோய்க்கும் இனிப்பு பிஸ்கட் அன்று. சுடச்சுட அடுப்பிலிருந்து எடுத்த, மெத்தென்ற சிறு ரொட்டி. உடனே, கீழ் நாற்பதில் இன்னும் ஐந்து ஏக்கர் உழ வேண்டும் என்று பேச்சு நிலத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு சாவுச் செய்தி அந்த வீட்டுப் பகலில் எவ்வளவு இடம் பிடித்தது என்பதை அந்த ஐந்து ஏக்கர்தான் சொல்கிறது. அந்த மேசையில் உணவு இறங்காமல் அமர்ந்திருப்பவள் மகள் ஒருத்திதான்.

மேற்குக்காற்று

மிக்க நன்றி, கரிசல்மண் அவர்களே. நண்பகல் உணவு என்பது தெரிந்ததும் பாடலின் ஒழுங்கே மாறிவிட்டது. நான் இதுவரை அதை இரவு நேரக் காட்சியாகவே கற்பனை செய்திருந்தேன். அப்பா உழப்போவதாகச் சொன்னது அதனாலேயே எனக்கு விளங்கவில்லை.

நெடுஞ்சாலைப்பயணி

லாரிப் பாட்டுகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

டேவ் டட்லி 1963இல் பாடிய ‘சிக்ஸ் டேஸ் ஆன் த ரோட்’ இந்த வகைக்கு வாசலைத் திறந்த பாட்டு. அதில் ஓட்டுநர் தன் வண்டிக்கு முன்னோக்கிய கியர் பத்தும் ஒரு ‘ஜார்ஜியா ஓவர்டிரைவ்’வும் இருப்பதாகப் பெருமைப்படுகிறார். ஓவர்டிரைவ் என்பது எஞ்சின் சுழற்சியைக் குறைத்துக்கொண்டே வேகத்தைத் தக்கவைக்கும் உண்மையான கியர். ஜார்ஜியா ஓவர்டிரைவ் என்று ஒரு கியரே கிடையாது. இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு, பாரத்தின் எடையே தள்ளிக்கொண்டு போகும்படி உருளவிடுவதற்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. எரிபொருள் மிச்சமாகும், வேகம் கூடும். ஆனால் எஞ்சினின் பிடி இல்லாததால் பிரேக் சூடேறிச் செயலிழந்துவிடும். பாடல் அதை மகிழ்ச்சியோடு சொன்னாலும் கேட்ட ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் அது உயிரோடு விளையாடும் செயல் என்பது தெரியும்.

அதே பாடலில் அவர் சிறிய வெள்ளை மாத்திரைகளை விழுங்குகிறார், கண்கள் விரியத் திறந்திருக்கின்றன. அவை தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள். ‘ஐசிசி’ வழியில் சோதனை செய்கிறது என்று வருவது மாநிலங்களுக்கிடை வணிக ஆணையம். 1887இல் ரயில் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கப்பட்டு, 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சரக்கு லாரிகளையும் மேற்பார்த்து, 1995இல் கலைக்கப்பட்ட அமைப்பு அது. ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்போது ஓய்வெடுத்தார் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும் என்பது அன்றைய விதி. பாரம் அளவுக்குமேல், பதிவேடு பல நாள் எழுதாமல் கிடக்கிறது, ஆனாலும் எடைமேடைகளைத் தவிர்த்து ஓடிவிடுவேன் என்பதுதான் அவர் பேச்சு. அவர் முந்திச் செல்லும் ‘ஜிம்மி’யும் ‘ஒயிட்’டும் மனிதர்களல்லர். முன்னது ஜிஎம்சி நிறுவனத்து லாரி. பின்னது ஒயிட் மோட்டார் நிறுவனத்து லாரி. ஒயிட் என்பதை வெள்ளை நிற வண்டி என்று மொழிபெயர்த்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975இல், சி. டபிள்யூ. மெக்கால் பாடிய ‘கான்வாய்’ வந்தது. அதன் சொற்கள் வேறொரு சூழலில் பிறந்தவை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியதும் டீசல் விலை ஏறியது, பல இடங்களில் கிடைக்கவும் இல்லை. 1974 ஜனவரியில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பைக் கொண்டுவரும் சட்டம் கையெழுத்தானது. ஓட்டிய மைலுக்குக் கூலி வாங்குபவர்களுக்கு இது நேரடி வருமான இழப்பு. எங்கே டீசல் கிடைக்கிறது, எங்கே போலீஸ் மறைந்திருக்கிறது என்பதைச் சிபி வானொலியில், அதாவது வண்டியிலிருந்தே பேசவும் கேட்கவும் உதவும் குறுந்தொலைவு வானொலியில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த அலைவரிசையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், போலீசும் கேட்கலாம். ஆகவே மறைமொழி வளர்ந்தது.

மாநில நெடுஞ்சாலைப் போலீசார் அணியும் அகன்ற விளிம்புத் தொப்பி, காட்டுத்தீ விழிப்புணர்வுக்காக 1944இல் உருவாக்கப்பட்ட ஸ்மோக்கி கரடியின் தொப்பியைப் போல இருந்தது. அதனால் போலீஸ்காரர் ‘ஸ்மோக்கி’ ஆனார், பிறகு வெறும் ‘கரடி’ ஆனார். எடைமேடை நிலையத்துக்குப் பெயர் ‘கோழிக்கூண்டு’. கோழிக்கூண்டுகள் நிறையக் கரடிகள் இருந்தன என்று பாடலில் ஒரு வரி வருகிறது. எடைமேடைகளில் போலீசார் குவிந்திருந்தார்கள் என்பதே அதன் பொருள். ‘ஸ்விண்டில் ஷீட்’, அதாவது மோசடித் தாள், மேலே சொன்ன அதே பதிவேடுதான். பொய்க் கணக்கு எழுதாமல் பிழைக்க முடியாது என்ற கசப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ‘ஷேக்கி டவுன்’ நிலநடுக்கத்துக்குப் பெயர்போன லாஸ் ஏஞ்சலஸ். ‘ரீஃபர்’ என்ற சொல்லுக்கு அகராதியில் கஞ்சாச் சுருட்டு என்ற பொருள் கிடைக்கும். இங்கே அது குளிர்பதனப் பெட்டி பொருத்திய டிரெய்லர். ‘பீட்’ என்பவர் ஆளல்லர், பீட்டர்பில்ட் லாரி.

தராசுமுள்

நெடுஞ்சாலைப்பயணி அவர்களின் விளக்கம் அருமை. ஆனால் ஒரு மறுப்பு சொல்ல வேண்டும். ‘சி. டபிள்யூ. மெக்கால்’ என்று ஒரு லாரி ஓட்டுநர் இருந்ததே இல்லை. ஒமாஹா நகரில் விளம்பரத் துறையில் வேலை பார்த்த பில் ஃப்ரைஸ் என்பவர், ஒரு ரொட்டி விளம்பரத்துக்காக உருவாக்கிய பாத்திரம் அது. இசை அமைத்தவர் சிப் டேவிஸ். இந்தப் பாடல் 1976 ஜனவரியில் அமெரிக்காவின் பொதுவான பாடல் பட்டியலிலேயே முதலிடம் பிடித்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் லாரிக்குள் ஏறியே இராதவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். வரிக்கு வரி குழூஉக்குறியை அடுக்கியது, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காகத்தான். அப்படியிருக்க, இச்சொற்கள் உழைப்பவர்களின் மொழி என்று நாம் உருகுவது சரியா?

நெடுஞ்சாலைப்பயணி

பில் ஃப்ரைஸ் பற்றி நீங்கள் சொன்னவை அத்தனையும் உண்மை. எந்த ஓட்டுநரும் ஒரே மூச்சில் அத்தனை குறிகளைப் பேசமாட்டார் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அவர் அடுக்கிய சொற்கள் அவர் இட்டுக்கட்டியவை அல்ல. அந்தக் காலத்துச் சிபி வானொலியில் ஒலித்தவை. யார் தொகுத்தார் என்பதும் யார் பேசினார்கள் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். ‘மோசடித் தாள்’ என்று தன் பதிவேட்டுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு விளம்பரக்காரருக்கு அதன்மேல் பகை இருக்கக் காரணமில்லை. அந்தப் பெயரைத் தூக்கம் கெட்டவர்கள்தான் வைத்திருக்க முடியும்.

தராசுமுள்

பெயர் வைத்தவரையும் பாட்டில் ஏற்றியவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் டட்லியின் பாடலில் நான்கைந்து சொற்கள் போதுமானவையாக இருந்ததையும், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த பாடலுக்கு ஒரு தனி அகராதியே தேவைப்பட்டதையும் நாம் கவனிக்க வேண்டும்.

மலையடிவாரம்

ஜாடியில் வரும் சோளத்துக்கு வருகிறேன்.

‘ராக்கி டாப்’ பாடலை 1967இல் டென்னசி மாநிலத்தின் கேட்லின்பர்க்கில் தங்கியிருந்தபோது ஃபெலிஸ், பூட்லோ பிரையண்ட் தம்பதியர் எழுதினார்கள். 1982இல் அது டென்னசியின் அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றானது. மலையில் மண் வெறும் பாறையாக இருப்பதால் மக்காச்சோளம் விளைவதில்லை, அதனால்தான் அங்குள்ளவர்கள் சோளத்தை ஜாடியிலிருந்து பெறுகிறார்கள் என்கிறது பாடல். பதப்படுத்திய சோளம் என்று நினைத்தால் பாடல் தட்டையாகிவிடும். அது மக்காச்சோளத்தை ஊறல் போட்டுக் காய்ச்சிய கள்ளச் சாராயம். 1858இல் ஜான் மேசன் காப்புரிமை பெற்ற, திருகு மூடி கொண்ட கண்ணாடி ஜாடி, பழங்களைப் பதப்படுத்தி வைப்பதற்காக எல்லா வீடுகளிலும் இருந்தது. சாராயத்தை ஊற்றி வைக்கவும் அதுவே கைக்கு வந்தது. ஹேங்க் வில்லியம்ஸ் 1952இல் பாடிய ‘ஜம்பலாயா’வில் பழ ஜாடியை நிரப்பச் சொல்வதும் பழத்துக்காக அல்ல.

அதே ‘ராக்கி டாப்’பில், அந்நியர் இருவர் சாராயம் காய்ச்சும் இடத்தைத் தேடி மலை ஏறினார்கள், இன்னும் இறங்கி வரவில்லை, இனி வரவும் மாட்டார்கள் என்று ஒரு செய்தி போகிற போக்கில் வருகிறது. அவர்கள் யார் என்று பாடல் சொல்லாது. மலைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. கலால் அதிகாரிகள் என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள். துள்ளலான இசையில் ஒரு கொலைச் செய்தியை இவ்வளவு இயல்பாக வைத்திருக்கிறார்கள். மாநிலமே சேர்ந்து பாடும் பாட்டில் அது இருப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்தப் பகை பழையது. 1791இல் கூட்டரசு சாராயத்துக்கு வரி போட்டது. 1794இல் பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் அதை எதிர்த்து உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், படை அனுப்பி அடக்கினார்கள். கரடுமுரடான மலைப்பாதையில் மூட்டை மூட்டையாகத் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவதைவிட, அதைச் சாராயமாக்கிக் கொண்டுபோவது எளிது, விலையும் கிடைக்கும். ஆகவே காய்ச்சுபவர் தன்னைக் குற்றவாளியாக எண்ணவில்லை, தன் விளைச்சலை விற்பவராகவே எண்ணினார். உள்நாட்டுப் போரின்போது 1862இல் வரி மீண்டும் வந்தது. அதை வசூலிக்க வந்தவரே பாடல்களில் வரும் ‘ரெவென்யூவர்’.

ஜார்ஜ் ஜோன்ஸ் 1959இல் பாடிய ‘ஒயிட் லைட்னிங்’ பாடலில் ‘ஜி-மென்’, ‘டி-மென்’, ‘ரெவென்யூவர்’ என மூன்று வகையினர் அப்பாவின் அடுப்பைத் தேடி அலைகிறார்கள். முதலாமவர் கூட்டரசின் புலனாய்வாளர். இரண்டாமவர் கருவூலத் துறையின் முகவர். மூன்றாமவர் வரி அதிகாரி. ‘வெள்ளை மின்னல்’ என்பது மரப்பீப்பாயில் வைத்துப் பழக்காததால் நிறமேறாமல் தெளிந்த நீர்போல் இருக்கும் சாராயம். தொண்டையில் இறங்கும்போது என்ன செய்யும் என்பதைப் பெயரின் பிற்பாதி சொல்கிறது.

ஆழிமுத்து

ஒரு சந்தேகம். ‘கிங் ஆஃப் த ரோட்’ பாடலில் வரும் ‘ஃபோர் பிட்’ அறை என்பது நான்கு துண்டு கொண்ட அறையா? பாடலின் தொடக்கத்தில் வாடகை ஐம்பது காசு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பின்னால் எதற்காக வேறு கணக்கு வருகிறது?

சுரங்கவழி

இரண்டும் ஒரே கணக்குதான், ஆழிமுத்து அவர்களே. அமெரிக்காவில் 1857 வரை ஸ்பானிய வெள்ளி டாலர் சட்டப்படி செல்லும் நாணயமாக இருந்தது. அந்த டாலருக்கு எட்டு ரியால். எட்டில் ஒரு பங்குக்கு ‘பிட்’ என்று பெயர் வந்தது, அதன் மதிப்பு பன்னிரண்டரை சென்ட். பன்னிரண்டரை சென்ட்டுக்கு அமெரிக்க அரசு நாணயமே அடித்ததில்லை; ஆனாலும் இரண்டு பிட் என்றால் கால் டாலர், நான்கு பிட் என்றால் அரை டாலர் என்ற பேச்சு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1957இல் நயாபைசா வந்த பிறகும் நாம் ஐம்பது பைசாவை எட்டணா என்றே சொல்லிவந்ததை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டு மணி நேரம் துடைப்பம் தள்ளினால் எட்டுக்குப் பன்னிரண்டடி அறை ஓர் இரவுக்குக் கிடைக்கிறது என்பதே அந்த வரியின் கணக்கு. பாடல் வந்தது 1965இல். அந்தக் காலத்திலும் பழைய நாணயப் பேச்சை விடாதவன் என்பதால் அந்த நாடோடியின் வயதும் ஓரளவு தெரிகிறது.

அவன் பொறுக்கிப் புகைக்கும் ‘ஸ்டோகி’ மலிவான சுருட்டு. பென்சில்வேனியாவின் கனஸ்டோகா பகுதியில் செய்த பெரிய சரக்கு வண்டிகளை ஓட்டியவர்கள் புகைத்ததால், வண்டியின் பெயரே குறுகிச் சுருட்டுக்கு ஆகிவந்தது. அவனுக்கு ஒவ்வொரு ரயிலின் ‘எஞ்சினியர்’ரையும் தெரியும் என்பதில் வருபவர் பொறியாளர் அல்லர், ரயில் ஓட்டுநர். சரக்குப் பெட்டியில் திருட்டுத்தனமாக ஏறுபவனுக்கு அந்தப் பழக்கம் தேவை. ‘பிரேக்மன்’ என்பவர்தான் பெட்டிகளைச் சோதித்து இவர்களை இறக்கிவிடுபவர். 1928இல் ‘வெயிட்டிங் ஃபார் எ ட்ரெய்ன்’ பாடலில், கதவை அறைந்து சாத்தும் அந்தப் பிரேக்மனைப் பற்றிப் பாடிய ஜிம்மி ராட்ஜர்ஸ் தாமே பிரேக்மனாக வேலை பார்த்தவர்.

என் விருப்பமான ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ பற்றியும் எழுதிவிடுகிறேன். மெர்ல் டிராவிஸ் 1946இல் பதிவுசெய்தது. டென்னசி எர்னி ஃபோர்டு 1955இல் பாடிய பிறகு உலகெங்கும் சென்றது. அதில் வரும் ‘ஒன்பதாம் எண் நிலக்கரி’ தரத்தைக் குறிப்பதன்று. மேற்குக் கென்டக்கியில் ஒன்பது என்று எண்ணிட்டு அழைக்கப்படும் நிலக்கரிப் படுகை அது. டிராவிஸ் பிறந்த முலன்பர்க் மாவட்டம் அந்தப் படுகையின் மேல்தான் இருக்கிறது, அவர் தந்தை சுரங்கத் தொழிலாளி. ‘ஸ்ட்ரா பாஸ்’ என்பவர் மேற்பார்வையாளருக்கும் கீழே, தானும் வேலை செய்துகொண்டே சிறு குழுவை விரட்டுகிற ஆள். அதிகாரம் குறைவு, அதட்டல் அதிகம். ‘கம்பெனி ஸ்டோர்’ என்பது நிறுவனமே நடத்திய கடை. பல சுரங்க ஊர்களில் கூலியைப் பணமாகத் தராமல், அந்தக் கடையில் மட்டுமே செல்லும் வில்லையாகவும் சீட்டாகவும் கொடுத்தார்கள். வீட்டு வாடகையும் அரிசி பருப்புக் கடனும் போக, மாதக் கடைசியில் தொழிலாளிதான் நிறுவனத்துக்குத் தர வேண்டியவராக நிற்பார். என் ஆன்மாவையே அந்தக் கடைக்குக் கடன்பட்டிருக்கிறேன், அதனால் சாகக்கூட வசதியில்லை என்பது டிராவிஸின் தந்தை வீட்டில் வழக்கமாகச் சொன்ன பேச்சு. பதினாறு டன் அள்ளியும் ஒரு நாள் வயது கூடியதும் கடன் ஆழமானதும்தான் மிச்சம் என்பது அவருடைய அண்ணன் எழுதிய கடிதத்தில் இருந்த வரி. பாடலின் உயிரான இரண்டு வரிகளும் சுரங்கத்து வீட்டுப் பேச்சிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. தராசுமுள் அவர்கள் எழுப்பிய கேள்விக்கு இந்தப் பாடலையே நான் பதிலாக வைப்பேன்.

மேற்குக்காற்று

சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போதே கேட்டுவிடுகிறேன். லொரெட்டா லின் 1970இல் பாடிய ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாடலில் ‘புட்சர் ஹாலர்’ என்று ஓர் இடம் வருகிறது. ‘ஹாலர்’ என்றால் உரக்கக் கத்துவது அல்லவா? பில்லி ஜோ பாடலில் அம்மா பின்வாசலிலிருந்து அப்படித்தானே கூப்பிடுகிறார்?

மலையடிவாரம்

உச்சரிப்பு ஒன்று, சொற்கள் இரண்டு. அம்மா செய்வது உரக்கக் கூப்பிடுவது. இடப்பெயரில் வருவது ‘ஹாலோ’ என்ற சொல்லின் அப்பலாச்சியன் உச்சரிப்பு. இரு மலைமுதுகுகளுக்கு இடையே ஓடை இறங்கும் குறுகிய பள்ளத்தாக்கு. ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரே பாதை, இருபுறமும் சில வீடுகள், எல்லோரும் உறவினர்கள் என்ற நிலை அங்கே இயல்பு. அதனால் ஒருவர் தன் ஹாலரின் பெயரைச் சொன்னால் அது முகவரியும் குலப்பெயரும் சேர்ந்தது போலாகிவிடும். லொரெட்டா லின் பிறந்த புட்சர் ஹாலோ, கென்டக்கியின் ஜான்சன் மாவட்டத்தில் வேன் லியர் சுரங்க ஊருக்கு அருகில் இருக்கிறது.

ஆழிமுத்து

‘அமரில்லோ பை மார்னிங்’கில் வரும் எட்டு என்னவென்று யாரும் சொல்லவில்லையே.

கரிசல்மண்

எட்டு நொடிகள். ரோடியோ போட்டியில் முரட்டுக் குதிரை அல்லது காளையின் மேல் ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு எட்டு நொடிகள் விழாமல் இருந்தால்தான் மதிப்பெண்ணே உண்டு. மற்றக் கை விலங்கின்மேல் பட்டுவிட்டால் அந்தச் சவாரி கணக்கில் சேராது. மொத்தம் நூறு மதிப்பெண். பாதி ஏறியவரின் திறமைக்கு, பாதி விலங்கு எவ்வளவு கடுமையாகத் துள்ளியது என்பதற்கு. சாதுவான குதிரை கிடைத்தால் எட்டு நொடி முழுக்க இருந்தும் தோற்கலாம். நடுவர் குருடராக இருக்கக் கூடாதே என்று அவன் வேண்டுவதன் நியாயம் இதில்தான் இருக்கிறது. ‘கதவு’ என்பது விலங்கை அடைத்து வைத்திருக்கும் குறுகிய அடைப்பின் கதவு; அதை இழுத்துத் திறந்ததும் ஆட்டம் தொடங்குகிறது.

டெரி ஸ்டாஃபோர்டும் பால் ஃப்ரேசரும் எழுதிய இந்தப் பாடலை ஸ்டாஃபோர்டு 1973இல் பாடினார். ஸ்ட்ரெய்ட்டின் குரலில் 1983இல் அது புகழ்பெற்றது. ஹூஸ்டனில் சேணம் போயிற்று, சாண்டா ஃபேயில் கால் முறிந்தது, வழியில் மனைவியும் போனாள் என்று அவன் வரிசையாகச் சொல்கிறான். சேணத்தை ‘அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்’ என்றே வரி இருப்பதால், திருட்டா கடனுக்கு ஈடா என்று கேட்பவர்கள் இரு பக்கமும் வாதிடலாம். நான் கடன் என்றே கொள்கிறேன், ஏனெனில் நுழைவுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் தானே போட்டுக்கொண்டு, வென்றால் மட்டுமே காசு பார்க்கும் தொழில் அது. உடுத்தியிருப்பதைத் தவிர வேறெதுவும் இல்லாதவன் இன்னும் எட்டு நொடிகளை நம்பி இரவெல்லாம் பயணம் செய்கிறான்.

தராசுமுள்

எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கிவிட்டோமோ என்று அஞ்சுகிறேன். ஆலன் ஜாக்சனின் 1993ஆம் ஆண்டுப் பாடலில் சட்டஹூச்சி ஆற்றங்கரை ‘ஹூச்சி கூச்சி’யைவிடச் சூடாக இருந்தது என்கிறார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டிப் பெயர்பெற்ற, இடுப்பை அசைத்து ஆடும் ஆட்டத்துக்கு அந்தப் பெயர். ஆனால் பாடலில் அது வந்ததற்கு ஆற்றின் பெயரோடு அது கொள்ளும் இயைபே காரணம். ஜார்ஜியா, அலபாமா எல்லையில் ஓடும் ஒரு நதியின் பெயருக்கு இவ்வளவு பொருத்தமான எதிரொலி கிடைத்தால் எந்தக் கவிஞர்தான் விடுவார்? அங்கே பொருளைத் தோண்டாமல் ஒலியைக் கேட்டு மகிழ்வதே சரியான வாசிப்பு.

சுரங்கவழி

முழுமையாக உடன்படுகிறேன். இன்னொரு வகையையும் சேர்க்கலாம்: சொல்லாக இல்லாமல் இலக்கணமாக வருபவை. ‘ஃபிக்சின் டு’ என்றால் எதையும் பழுதுபார்ப்பதன்று, செய்யப்போகும் தறுவாயில் இருப்பது. ‘மைட் குட்’ என்று இரண்டு துணைவினைகள் சேர்ந்து வந்தால், முடிந்தாலும் முடியலாம் என்ற தயக்கம். அவை பிழையான ஆங்கிலமல்ல, தெற்கு வட்டாரத்தின் ஒழுங்கான வழக்குகள்.

மேற்குக்காற்று

கடைசியாக ஒன்று. மெர்ல் ஹேகர்ட் 1969இல் பாடிய ‘ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி’யில் வரும் ‘ஓக்கி’யை ஓக்லஹோமாக்காரர் என்று மொழிபெயர்க்கலாமா?

நெடுஞ்சாலைப்பயணி

அப்படிப் பெயர்த்தால் வசை போய்விடும், வசை போனால் பாடலின் நெஞ்சுரமும் போய்விடும். 1930களில் வறட்சியாலும் புழுதிப் புயல்களாலும் பொருளாதார வீழ்ச்சியாலும் ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்கன்சா பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்த குடும்பங்களை அங்கிருந்தவர்கள் இழிவாக அழைத்த சொல் அது. எந்த மாநிலத்திலிருந்து வந்திருந்தாலும், ஏழையாகவும் பழம் பறிப்பவராகவும் இருந்தால் ‘ஓக்கி’தான். ஹேகர்ட்டின் பெற்றோர் ஓக்லஹோமாவிலிருந்து அப்படி வந்தவர்கள். அவர் 1937இல் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஆயில்டேலில் பிறந்தார். பழைய ரயில் சரக்குப் பெட்டியை மாற்றியமைத்ததே அவர்கள் வீடு. அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே பெருமையோடு சொல்லிக்கொள்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது. வியட்நாம் போர்க் காலத்து மாணவர் போராட்டங்களை அந்தப் பாடல் சாடியதில் எனக்கு உடன்பாடில்லை; ஆனால் ‘ஓக்கி’ என்று அவர் அழுத்தும்போது பதிலடி பெறுபவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர், முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் பெற்றோரை அப்படி அழைத்தவர்களும்தான். மொழிபெயர்ப்பில் ‘ஓக்கி’யை அப்படியே விட்டுவிட்டு, அந்த இடப்பெயர்வைப் பற்றி அடிக்குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். மலையடிவாரம் அவர்கள் விளக்கிய வெள்ளை மின்னலும் அந்தப் பாடலில் வருகிறது, அதற்கு இன்னொரு குறிப்பும் தேவைப்படும்.